ஒரு சிகரெட் நேரம்

எங்கள் பீங்கான் யூனிட்டில் பொம்மை வார்க்கும் மேசை என்னுடையது. பிளாஸ்டர் அச்சுகளை வரிசையாக வைத்து, மோர் போலக் கரைத்த மண்ணை அவற்றின் வாய் வரைக்கும் ஊற்ற வேண்டும். அந்தக் கரைசலுக்கு ஸ்லிப் என்று பெயர். அச்சு தண்ணீரைக் குடிக்கும். குடிக்கக் குடிக்க மண் உள்சுவரில் தோல் மாதிரி படியும். போதுமான கனம் வந்ததும் மிச்சத்தைக் கவிழ்த்துக் கொட்டிவிட வேண்டும். சீக்கிரம் கொட்டினால் தோல் மெலிசாகிச் சூளையில் அமுங்கும். தாமதித்தால் தடித்துப்போய் வெடிக்கும்.

இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அந்த நேரத்தை நான் சிகரெட்டால் அளந்துகொண்டிருந்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. கடைசி அச்சில் ஊற்றியதும் வெளியே வந்து புங்கமரத்தடியில் நின்று ஒன்று பற்றவைப்பேன். நெருப்பு நுனிப் பஞ்சுக்கு வந்து சுடும்போது உள்ளே போவேன். முதல் அச்சைக் கவிழ்ப்பேன். பல வருஷமாகச் சரியாகவே வந்தது. என் மேசைக்கு அடுத்து உட்கார்ந்து பொம்மைகளின் ஓரத்தைச் சுரண்டி ஈரப் பஞ்சால் துடைக்கிற அக்கா, நான் எழுந்தால் வெளியடுப்பில் டீ போடப் போவார். நான் திரும்பும்போது டீ தயாராக இருக்கும்.

எனக்குப் பேச்சு வராது. நாலு பேர் நிற்கிற இடத்தில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிப்பேன். சிகரெட் இருந்தால் அந்தக் கவலை இல்லை. புகைக்கிறவனிடம் யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை. அதற்காகவும் அது எனக்கு வேண்டியிருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கு மூச்சு வாங்கும். ரயில்வே மேம்பாலத்தில் பாதி ஏறியதும் நின்று, ஜங்ஷனில் ரயில் வருகிறதா என்று பார்ப்பதுபோல் பாவனை செய்வேன். ரயில் ஒன்றும் வராது. எங்கள் யூனிட்டில் மேசை வேலையை விட்டால் மண் மூட்டை தூக்குவதும் சூளை வண்டி தள்ளுவதும்தான். அந்த வேலைக்குப் போனால் ஒரு வாரம் தாங்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. மேசை இருக்கிற வரைக்கும் யாருக்கும் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

தை மாதத்தில் சிகரெட் வரி ஏறியது. ஏறப்போகிறது என்று முன்பே டி.வி.யில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "ஏறுனா வுட்டுடுவன்" என்று நானும் வீட்டில் சொல்லியிருந்தேன். வெறும் வாய்ப்பேச்சு இல்லை. நம்பித்தான் சொன்னேன். நானாக விட முடியாததை விலை வந்து பிடுங்கிக்கொள்ளும் என்று ஓர் ஆசை இருந்தது. வெள்ளத்தில் போகிறவன் கரையே தன்னிடம் நகர்ந்து வரும் என்று நினைப்பதுபோல.

தொழிற்பேட்டை முனையில் பெட்டிக்கடை. வழக்கம்போல் அங்கே போய்ப் பழைய காசை நீட்டியதும் கடைக்காரர் தலையை ஆட்டினார்.

"பத்தாதுப்பா. நேத்தியோட முடிஞ்சிது அந்த வெல."

எங்கள் சூளைக்காரர் பக்கத்தில் நின்றிருந்தார். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். என்னைவிட வயதில் மூத்தவர், வாய்க்கொழுப்பு உள்ளவர்.

"நான் அப்பவே பீடிக்கு மாறிட்டன்யா" என்றார். "பீடி மேல அவ்ளோ வரி இல்ல. நீ தொர மாரி பஞ்சு வச்சிதான் குடிப்ப. குடி, குடி. ரோடு போடறதுக்குக் காசு வேணுமில்ல கவர்மெண்ட்டுக்கு."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. கடைக்காரர் இரக்கப்பட்டு இன்னொரு பெட்டியைத் திறந்து காட்டினார்.

"இது கொஞ்சம் குட்ட. நீளத்துக்குத் தக்கன வரி போடறாங்க. இத எடுத்துக்க. நெருப்பு நெருப்புதான், புக புகதான்."

வாங்கிக்கொண்டேன். எல்லாருக்கும் தெரிய வேண்டாம் என்று அந்தக் குட்டை சிகரெட்டுகளை என் பழைய நீளப் பெட்டிக்குள் போட்டுச் சட்டைப்பையில் வைத்தேன். மாலையில் வீட்டில் மனைவி என் சட்டையைக் கொடியில் மாட்டும்போது பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"ஏறுனா வுட்டுடுவன்னீங்க?"

"ஏறட்டும்" என்றேன்.

"ஏறிடிச்சிங்க. எதுத்த வூட்டுக்காரரு காலையிலயே திட்டிக்கிட்டுப் போனாரு."

கரை நகர்ந்து வரவில்லை. நான்தான் கொஞ்சம் நகர்ந்து வேறொரு கட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது மாசி மகத்துக்காக வேலை நடந்துகொண்டிருந்தது. திருவிழாக் கடைகளுக்கு எங்கள் யூனிட்டிலிருந்து யானை போகும். தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற யானை. வெள்ளை மெருகு, நெற்றியில் மட்டும் சிவப்பு. வருஷா வருஷம் அதே அச்சு, அதே மேசை, அதே ஆள்.

குட்டை சிகரெட்டுக்கு மாறிச் சில நாள் போயிருக்கும். அக்கா ஒரு யானையைக் கையில் எடுத்தவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

"தம்பி, இங்க பாரு. தொட்டா குழியிது."

நான் அரைக்கிழவன். ஆனாலும் அவருக்கு நான் தம்பிதான். விரல் பட்ட இடத்தில் யானையின் வயிறு உள்ளே போயிருந்தது.

"ஈரமா எடுத்துட்டேன்போல இருக்குதுக்கா."

"எல்லாத்தையுமா?"

அவர் குழிகளைப் பொறுமையாகச் சரிசெய்து, தேறியதைக் காய வைத்தார். சூளை ஏற்றினோம். ஆறிக் கதவைத் திறந்தபோது வண்டியில் நின்ற யானைகள் பாதிக்கு மேல் வயிறு ஒட்டிப்போய், காது விரிசல் விட்டு, பல மாதம் தீனி காணாத மாதிரி இருந்தன.

சூளைக்காரர் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். "என்னாய்யா இது, பட்டினி யானை? மகத்துக்கு வர்ற சனம் இதப் பாத்தா கரும்பு வாங்கிக் குடுக்கும்."

முதலாளி சிரிக்கவில்லை. அவர் என்னைவிடச் சின்னவர், அதனால் அண்ணே என்றுதான் கூப்பிடுவார். குரலை உயர்த்தவே மாட்டார். அன்றைக்கும் உயர்த்தவில்லை.

"அண்ணே, உங்களுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க."

"அடுத்த லோடும் இப்படி வந்தா திருவிழாக்காரங்களுக்கு நான் பதில் சொல்ல முடியாதுண்ணே. அப்படி வந்தா கொஞ்ச நாளைக்கி நீங்க மூட்ட, வண்டின்னு வெளி வேலயப் பாருங்க. அச்ச வேற ஆள் பாக்கட்டும். கோச்சிக்காதீங்க. அடுத்த லோடு பாத்துட்டுச் சொல்றேன்."

திட்டியிருந்தால் தேவலை. அவர் போன பிறகு வாசலில் அடுக்கியிருந்த மண் மூட்டைகளைப் பார்த்தேன். தினமும் பார்க்கிற மூட்டைகள்தான். அன்றைக்கு அவை என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. நெஞ்சுக்குள் இப்போதே இரைத்தது.

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி போய்விட்டது. மண்ணைச் சந்தேகப்பட்டேன். புதிதாக வந்த லோடு என்பதால் அதில் ஏதோ கலந்திருக்கும் என்று தோன்றியது. தண்ணீரைச் சந்தேகப்பட்டேன். அச்சுகள் பழசாகிவிட்டன, பனிக்காலம் என்பதால் குடிக்க மாட்டேன் என்கின்றன என்று நினைத்தேன். கடைசியில் என் கண்ணைச் சந்தேகப்பட்டேன். பஸ் போர்டை ஒரு கண்ணை மூடியும் மறு கண்ணை மூடியும் படித்துப் பார்த்தேன். பெண்ணாடம் என்றால் பெண்ணாடமாகத்தான் தெரிந்தது.

பயம் வந்தால் புகைக்கத் தோன்றும். புகைத்தால் விலை ஞாபகம் வரும். அந்தக் கோபத்தில் கொடுத்த காசுக்கு வஞ்சனையில்லாமல் வாங்கிவிட வேண்டும் என்று ஆழமாக, அவசரமாக இழுப்பேன். விரல் சுடுகிற வரைக்கும் விட மாட்டேன். முன்பெல்லாம் காற்றில் பாதி போகும், கவலைப்பட்டதில்லை. இப்போது ஒரு துளிப் புகையும் வீணாகக் கூடாது. குறைத்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இருமல் மட்டும் கூடியிருந்தது.

கண்டுபிடித்தது அக்காதான். அவரும் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு நாள் வார்த்து முடித்து எழுந்தேன். மரத்தடியில் நின்று பெட்டியைத் திறந்து, உள்ளே விரலை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். நீளப் பெட்டிக்குள் குட்டை சிகரெட் அடியில் போய் விழுந்துவிடும். குப்புறக் கவிழ்த்துத் தட்டினால்தான் வரும். அக்கா டீப் பாத்திரத்தைக் கழுவ வந்தவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்னா தம்பி, கெணத்துல வாளிய வுட்டுட்டு பாதாளக் கொலுசு போட்டுத் தேடற மாரி தேடற?"

நான் பெட்டியை மறைத்தேன். அவர் கையை நீட்டினார். கொடுக்காமல் இருக்கத் தைரியம் வரவில்லை. ஒன்றை எடுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார்.

"இது எப்பலேர்ந்து?"

"வெல ஏறுனதுலேர்ந்து."

"அதான் டீ கொதிக்கறதுக்கு முன்னாடியே வந்து நிக்கற. இந்தாளுக்கு என்னா அவசரம்னு நானும் தெனம் நெனச்சிக்கறன்."

"எப்பவும்போல ஒண்ணுதான்க்கா குடிக்கறன்."

"ஒண்ணுதான். உன் சிகரெட்டு குள்ளமாயிடிச்சி, என் யானைக்கி வயிறு ஒட்டிப்போச்சி. இதுல ஒண்ணு என்னா, ரெண்டு என்னா."

எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் எல்லாம் ஒன்றாக ஓடியது. மண்ணும் தண்ணீரும் பனியும் என் கண்ணும் ஒரு குற்றமும் செய்யவில்லை. ஒன்று என்றால் ஒன்றுதானே என்று இருந்துவிட்டேன். அதன் நீளம் குறைந்ததும், நான் வெறியோடு இழுத்து இன்னும் சீக்கிரம் முடித்ததும் என் கணக்கில் வரவேயில்லை.

காரணம் தெரிந்தால் பயம் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை, இடம் மாறியது. பழைய நீளத்துக்குத் திரும்பக் கட்டுப்படியாகாது. குட்டையில் இரண்டு புகைத்துப் பார்த்தேன். இருமி இருமி உள்ளே போவதற்குள் தோல் தடித்து, தும்பிக்கைக்குள் ஓட்டையே இல்லாமல் அடைத்துக்கொண்டது. போனில் அலாரம் வைத்தேன். காலையில் அச்சு உலர்ந்திருக்கும்போது அது சரியாக வந்தது. அதே அச்சில் மத்தியானம் மறுபடி ஊற்றும்போது அது ஏற்கெனவே குடித்த ஈரத்தோடு இருந்ததால் மெதுவாகக் குடித்தது. அலாரம் அடித்தபோது தோல் இன்னும் மெலிசு. முன்பெல்லாம் மத்தியானத்தில் நான் மெதுவாக இழுத்திருப்பேன் போலிருக்கிறது. எனக்கே தெரியாமல் என் மூச்சு அச்சோடு ஒத்துப் போயிருக்கிறது.

மிச்சம் ஒரே வழிதான். வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் செய்கிற வழி. அச்சை விட்டு நகராமல் நின்று, வாய்ப்பக்கம் படிந்த தோலை அவ்வப்போது நகத்தால் கீறிக் கனம் பார்ப்பது. அதைச் செய்தால் வெளியே போக முடியாது. சூளைக்குக் காஸ் வருவதால் உள்ளே தீப்பெட்டி எடுக்கக்கூட முதலாளி விட மாட்டார். மேசை வேண்டும் என்றால் அந்த நேரத்தில் புகை கிடையாது. புகை வேண்டும் என்றால் மூட்டை. வரி என்னை விட வைக்கவில்லை. என்னை ஒரு மூலைக்குத் துரத்திவிட்டுப் போயிருந்தது. விடுகிற வேலையை நான்தான் செய்ய வேண்டியிருந்தது.

முதல் நாள் மத்தியானத்துக்குள் கை நடுங்க ஆரம்பித்தது. கவிழ்க்கும்போது அச்சு நழுவினால் அதுவும் போகும், பொம்மையும் போகும். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நெற்றியில் வேர்த்தது. அக்கா மடியிலிருந்து வறுத்த புளியங்கொட்டையை எடுத்துக் கொடுத்தார்.

"வாயில போட்டுக்க. கடிக்காத. பல்லு போச்சின்னா அதுக்கும் என்னத்தான் சொல்லுவ."

வாயில் போட்டுக்கொண்டேன். கல் மாதிரி இருந்தது.

"ஏதாவது பேசு" என்றார்.

"என்னாத்தப் பேசறது?"

"வூட்டுல என்னா கொழம்புன்னு சொல்லு. அதக்கூடவா யோசிக்கணும்?"

யோசிக்கத்தான் வேண்டியிருந்தது. இத்தனை வருஷம் அந்த நேரத்தில் மரத்தடியில் தனியாக நின்றவன். இப்போது பக்கத்தில் ஒரு ஆள், கையில் ஒன்றுமில்லை, வாயில் புளியங்கொட்டை. புகைக்கு ஏங்கினேனா, ஒளிந்துகொள்ளக் கிடைத்த இடத்துக்கு ஏங்கினேனா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. "கத்திரிக்கா காரக்கொழம்பு" என்றேன். அதற்கு அவர் பேச ஆரம்பித்து, நான் தலையாட்டுவதற்குள் நகத்தில் கனம் வந்துவிட்டது.

எல்லா நாளும் அப்படிப் போனதாகச் சொல்ல முடியாது. வேலை முடிந்து பெட்டிக்கடையைத் தாண்டிப் போவது பெரும்பாடு. ஒரு சாயங்காலம் கடைக்காரர் என் முகத்தைக் கண்டதும் கேட்காமலே ஒன்றை எடுத்து நீட்டினார். கூட்டம் இருந்தது. வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அதற்குப் பயந்தே வாங்கிக்கொண்டேன். பஸ் ஸ்டாப் தள்ளிப் போய்ப் பற்றவைத்தேன். தலை சுற்றியது. நன்றாகவும் இருந்தது. தீர்ந்ததும் இன்னொன்று வேண்டியிருந்தது, விலையை நினைத்துக்கொண்டு நின்றேன். அந்த ஒரு நேரத்தில் விலை எனக்கு உதவியது. மறுநாள் முதல் அந்தப் பக்கம் போகாமல், தண்டவாளத்தை ஒட்டி இருக்கிற சுற்றுவழியில் வீட்டுக்குப் போனேன்.

அடுத்த லோடு ஏற்றியாயிற்று. சூளை எரிந்து, ஆறுகிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி என்ன என்று கேட்டார். யானை என்றேன். அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. அவர் என் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்துவிட்டு, மோர் கரைத்துக் கொடுத்தார்.

திறக்கிற அன்று காலையில் எல்லோருக்கும் முன்னால் போய் நின்றேன். கதவு இன்னும் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது. சூளைக்காரர் வாசலுக்கு வெளியே போய்க் குந்தி உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றை உருவி நீட்டினார்.

"புடி. மூஞ்சிய பாத்தா பொணம் தூக்க வந்தவன் மாரி இருக்குது. இது ஓசி, வரி கெடையாது."

நக்கலாகச் சொன்னாலும் அன்பாகத்தான் கொடுத்தார். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். தீப்பெட்டியையும் நீட்டினார். அதற்குள் முதலாளியின் வண்டிச் சத்தம் கேட்டது.

கதவைத் திறந்து சூளை வண்டியை வெளியே இழுத்தார்கள். நானும் ஒரு பக்கம் கை கொடுத்தேன். நாலு அடி இழுப்பதற்குள் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யானைகளைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் அவை நின்ற தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா ஒன்றை எடுத்து விரல் முட்டியால் தட்டினார். டங் என்றது. வெடித்த பொம்மையில் அந்தச் சத்தம் வராது, ஓட்டைக் குடம் மாதிரி செத்துப்போய்க் கேட்கும். இன்னொன்றைத் தட்டினார். அதுவும் டங். மேல் தட்டில் சிலவற்றுக்குக் காதில் விரிசல் விட்டிருந்தது. அது எப்போதும் போகிற சேதம்தான். மற்றவை எல்லாம் தொப்பையோடு உட்கார்ந்திருந்தன.

முதலாளி ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்தார். கீழே வைத்தார்.

"என்னாண்ணே மாத்துனீங்க?"

அக்கா முந்திக்கொண்டார். "பக்கத்துலயே நிக்கறாருங்க. வெளிய போறதில்ல."

"அப்படியே நில்லுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அவ்வளவுதான். என் மேசை எனக்கே நின்றது.

உள்ளங்கையைத் திறந்து பார்த்தேன். பீடி வியர்வையில் ஊறி, நசுங்கித் தூளாகிப் போயிருந்தது.

"ஓசியில குடுத்தத ஒடச்சிட்டியேய்யா" என்றார் சூளைக்காரர். "இனிமே கேளு, தரன்."

மாசி மகம் முடிந்துவிட்டது. நான் இன்னும் புங்கமரத்தடிக்குப் போகவில்லை. விட்டுவிட்டேன் என்று யாரிடமும் சொல்லவில்லை, சொல்லப் பயமாக இருக்கிறது. சொன்ன மறுநாளே பற்றவைப்பேனோ என்று. கை இன்னமும் சட்டைப்பைக்குப் போகிறது. அங்கே புளியங்கொட்டை கிடக்கிறது. விலை இன்னும் ஏறும் என்று கடையில் பேசிக்கொண்டதாகச் சூளைக்காரர் சொன்னார். பீடிக்கும் ஒரு நாள் வரும் என்று அவருக்கு இப்போது கவலை பிடித்திருக்கிறது.

நேற்று ஸ்லிப் ஊற்றிவிட்டு அச்சுப் பக்கத்தில் நின்றிருந்தேன். அக்கா ஓரம் சுரண்டிக்கொண்டே தலை நிமிராமல் கேட்டார்.

"அன்னிக்கி வண்டி இழுக்கறப்ப கம்பியப் புடிச்சிக்கிட்டு நின்னியே. மூச்சு வாங்குதா தம்பி?"

அதெல்லாம் இல்லை என்று எப்போதும் சொல்கிற பதில் நாக்கு நுனியில் இருந்தது. வெளியே போய்விடவும் வழியில்லை. அச்சில் தோல் படிந்துகொண்டிருந்தது. நகத்தால் கீறிப் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

"வாங்குதுக்கா" என்றேன்.